ஃபஸ் பெடல்: பிரெட்போர்டில் கட்டுகிறவர்களுக்குப் பதில்கள்

கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்தான் ஃபஸ். அதில் ஃபஸ் ஃபேஸ் என்ற சர்க்யூட்டைப் பிரெட்போர்டில், அதாவது சால்டர் இல்லாமல் உதிரிகளைச் செருகிப் பார்க்கும் பலகையில், கட்டச் சொல்லிப் படம் கொடுத்திருந்தேன். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்தது. டிரான்சிஸ்டர் இரண்டே இரண்டு, மற்ற உதிரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேட்டரி 9 வோல்ட். வந்த கேள்விகளைப் பார்ப்போம்.

அண்ணாச்சி, பிசி 547 இரண்டு போட்டுப் படத்தில் உள்ளபடியே கட்டினேன். சத்தம் வருகிறது, ஆனால் தொண்டை அடைத்த மாதிரி இருக்கிறது. (பாளையங்கோட்டை)

மல்டிமீட்டரை எடுங்கள் தம்பி. கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில். அங்கே 4.5 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். அப்போதுதான் சிக்னல் மேலும் கீழும் ஆட இடம் இருக்கும். படத்தில் அந்தக் கலெக்டருக்கு மேலே உள்ள 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஜெர்மானிய டிரான்சிஸ்டருக்குப் பார்த்த கணக்கு. உங்கள் பிசி 547 சிலிக்கான். சிலிக்கானில் முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் 0.6 வோல்ட்டில் நிற்கும். இரண்டாவதன் எமிட்டர் அதைவிடக் கொஞ்சம் மேலே, 0.7 பக்கம். எமிட்டரில் இருப்பது 1 கிலோ ஓம் பாட் (திருகு ரெசிஸ்டர்), ஆகவே ஓடுவது 0.7 மில்லி ஆம்பியர். அந்தக் கரண்ட் 8.2 கிலோ ஓமிலும் அதோடு வரிசையில் உள்ள 470 ஓமிலும் சேர்ந்து 6 வோல்ட்டைத் தின்றுவிடும். மிச்சம் 3 வோல்ட்தான். என் போர்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்த 8.2-ஐ 5.6-க்கு இறக்கியதும் சத்தம் திறந்துகொண்டது. நீங்கள் அந்த இடத்தில் 10 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி அளவைக் கூட்டிக் குறைக்கும் குட்டி பாட்) செருகி, கிட்டாரை வாசித்துக்கொண்டே திருப்புங்கள். மீட்டர் 4.5 காட்டினாலும் கடைசியில் காது சொல்வதைத்தான் கேட்க வேண்டும். எனக்கு 5 வோல்ட்டுக்குச் சற்று மேலே பிடிக்கும்.

கால்களையும் ஒருமுறை பாருங்கள். பிசி 547-ன் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர்.

ஏசி 128 ஜெர்மானியம் போட்டிருக்கிறேன். சாரல் நேரத்தில் தேனாக இருந்தது, வெயில் ஏறியதும் சத்தம் சப்பென்று ஆகிவிட்டது. பழுதா? (தென்காசி)

பழுது இல்லை அம்மா. ஜெர்மானியத்தில் சூடு ஏற ஏறக் கசிவுக் கரண்ட் கூடும், வோல்ட்டேஜ் இடம் மாறிவிடும். விரலால் டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள், எண் நகர்வது கண்ணுக்கே தெரியும். டிரிம்பாட்டைப் பெட்டிக்கு வெளியே திருப்புகிற மாதிரி வையுங்கள். சித்திரை வெயிலில் நெல்லையில் மேடை ஏறுவதென்றால் சிலிக்கான்தான் நிம்மதி.

ஒன்றை மறக்காதீர்கள்: ஏசி 128 பிஎன்பி வகை, பிசி 547-க்கு நேர் எதிர்த் திசை. பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்டுக்குப் போகும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். தனி பேட்டரி கொடுங்கள்.

வாசிக்காதபோது ரேடியோ பேச்சு கேட்கிறது. (வள்ளியூர்)

நீள நீளமான ஜம்பர் கம்பிகள் ஏரியல் வேலை பார்க்கின்றன. குட்டையாக வெட்டுங்கள். முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பிக்கோஃபாரட் போடுங்கள். உலோகப் பெட்டிக்குள் போனதும் இன்னும் அடங்கும்.

சர்ச் பாண்டில் வாசிக்கிறேன். கார்டு பிடித்தால் ஒரே கொழகொழப்பு. (அம்பாசமுத்திரம்)

இன்புட்டில் உள்ள 2.2 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு 0.1 போட்டுப் பாருங்கள், அடிச்சத்தம் இளைக்கும். ஃபஸ்ஸில் முழு கார்டு எப்படியும் குழம்பும், இரண்டு கம்பியோடு நிறுத்துவது நல்லது. அப்புறம், ஃபஸ்ஸுக்கு முன்னால் பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் சர்க்யூட்) உள்ள பெடல் எதுவும் வேண்டாம். கிட்டாரை நேராகச் செருகி வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு விலகி மணிச்சத்தம் வரும். இந்த சர்க்யூட்டை நான் விடாமல் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

எப்போது சால்டர் வைக்கலாம்? (கடையநல்லூர்)

ஒரு வாரம் போர்டிலேயே வாசியுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, டிரிம்பாட்டைப் பிடுங்கி அளந்து, அந்த அளவுக்குப் பக்கத்து ரெசிஸ்டரை வையுங்கள். ஜெர்மானியமாக இருந்தால் டிரிம்பாட்டையே சால்டர் செய்துவிடுங்கள்.