குண்டலகேசியை அப்பாவியாக்க வேண்டாம்

குண்டலகேசி கதையை இருண்ட மிகுபுனைவாக (டார்க் ஃபேண்டஸியாக) எழுதுகிறீர்கள், படித்தவர்களுக்கு நாயகி மேல் ஒட்டுதல் வரவில்லை, அதனால் அவளை அப்பாவியாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் திருடனைப் பார்த்ததும் அவன்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, அப்பாவை வைத்தே அவனை மீட்டவள் அவள். அந்தப் பிடிவாதம்தான் கதைக்கு உயிர்.

சிக்கல் அந்தத் திருடன் காளனிடம்தான். முதல் அத்தியாயத்திலேயே அவன் அவளைக் கொல்லத் திட்டம் போட்டுவிட்டால், அப்புறம் அவள் செய்வதெல்லாம் முட்டாள்தனமாகத்தான் தெரியும். தமிழ் மரபுக் கதையில் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ஊடலில் அவள் விளையாட்டாக 'நீ திருடன்தானே' என்கிறாள், அதுதான் அவனைக் கொலைவரை கொண்டுபோகிறது. அவளுக்கு அது கொஞ்சல், அவனுக்கோ ஒரு பெண் தயவில் உயிர் பிழைத்த அவமானம். இருவரும் நிஜமாகவே நேசித்த பிறகு அந்த ஊடல் இரவை வையுங்கள், நிதானமாக எழுதுங்கள்.

கொல்வதற்காக அவன் கூட்டிப்போன மலை உச்சியில், சாகும் முன் கும்பிடுவதாகச் சொல்லி அவனை மூன்று முறை வலம் வந்து, பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாளே, அதில் முதல் சுற்றில் அவள் இன்னும் தயங்கட்டும். தள்ளிவிட்டதும் ஞானம் வந்துவிட வேண்டாம். மரபுக் கதையிலேயே அவள் முதலில் சமணத்தில் சேர்ந்து, ஊர் ஊராகச் சவாலின் அடையாளமாக நாவல் மரக்கிளையை நட்டு எல்லாரையும் வாதுக்கு இழுத்துத் தோற்கடித்த பிறகுதான் பௌத்தத்துக்கு வருகிறாள். அந்தத் திமிரை விட்டுவிடாதீர்கள்.