வாசகர் கேள்வி: கரண்ட் எங்கே தேய்கிறது?

கேள்வி: பின்னேரம் ஏழு மணியானால் பல்ப் மங்குகிறது. கிணற்று மோட்டர் உறுமுகிறதே தவிர சுற்றுவதில்லை. டிரான்ஸ்போமருக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் இந்தக் குறை இல்லை. நுரைச்சோலையில் இருந்து வன்னிக்கு இவ்வளவு தூரம் வருவதால்தான் கரண்ட் குறைகிறதா?
(ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: அந்தத் தூரத்தில் பிழை இல்லை. பிழை உங்கள் ஒழுங்கைக்குள் இருக்கிறது.

நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் 300 மெகாவாற் இயந்திரங்கள் மூன்று. மின்சாரம் அங்கேயே 220,000 வோல்றுக்கு உயர்த்தப்பட்டு அநுராதபுரம் வரும். பிறகு 132,000 ஆக இறங்கி, இரும்புக் கோபுரங்களில் வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம் என்று வடக்கே போகும். (லக்சபான நீர்மின்சாரம், மன்னார்க் காற்று மின்சாரம் எல்லாம் இதே வலையில்தான் கலக்கின்றன. உங்கள் பல்பில் எரிவது எதுவென்று பிரிக்க முடியாது.) வவுனியா, கிளிநொச்சி உப மின்நிலையங்களில் அது 33,000 ஆகிறது. ரோட்டோரம் உயரத்தில் மூன்று கம்பியாகப் போவது அந்த லைன்தான்.

ஒழுங்கை முகப்பில் நிற்கும் டிரான்ஸ்போமர் 100 கேவிஏ (அது தாங்கும் சுமையின் அளவு) என்று வைப்போம். முழுச் சுமையில் மேலே, 33,000 வோல்ற் பக்கம், ஒரு கம்பியில் ஓடுவது 1.75 ஆம்பியர். கீழே, 400 வோல்ற் பக்கம், அதே சுமைக்கு 144 ஆம்பியர். ஆம்பியர் இரட்டித்தால் கம்பியில் சூடாகிப் போகும் இழப்பு நான்கு மடங்கு. அதனால்தான் தூரப் பயணத்துக்கு வோல்றை ஏற்றுகிறார்கள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 70 சதுர மில்லிமீற்றர் அலுமினியக் கேபிளில், போக வர இரண்டும் சேர்த்து, கிலோமீற்றருக்குச் சுமார் 1 ஓம் தடை. 800 மீற்றருக்கு 0.8. ஒழுங்கைக் கடைசியில் உங்கள் பேஸில் (கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் உங்கள் வீடு இணைந்த ஒன்றில்) உள்ள வீடுகள் 25 ஆம்பியர் இழுத்தாலே 20 வோல்ற் போய்விடும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6 ஆம்பியர் அளவில் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கு. 35 என்றால் இன்னும் 28 வோல்ற். 230 இல் மிஞ்சுவது 182. மோட்டரின் முறுக்குவிசை வோல்றின் வர்க்கத்தோடு குறைவதால், வழமையில் 63 சதவீதம்தான் கிடைக்கும். பிறகு எப்படிச் சுற்றும்? உறுமிக்கொண்டே நின்றால் கொயில் கருகும். இரண்டு மூன்று செக்கனில் சுற்றாவிட்டால் நிறுத்துங்கள்.

மோட்டரை நிறுத்திவிட்டு, ஏழு மணிக்கு மல்ரிமீற்றரால் வோல்ற் பாருங்கள். 216க்குக் கீழே இருந்தால் (அனுமதித்த அளவு 230இல் 6 சதவீதம் கூடக் குறைய) நாள், நேரம், அளவு எழுதி உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்குக் கொடுங்கள். அதே போஸ்டில் இணைந்த பக்கத்து வீட்டில் அளவு சரியென்றால் குறை போஸ்டில் இருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சேர்விஸ் வயரில். பெரும்பாலும் கறுத்துப்போன இணைப்பில். நீங்களே போஸ்டில் ஏறவேண்டாம். அவர்கள் செய்யக்கூடியதில் விரைவானது வீடுகளை மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரிப்பது. நிலையானது ஒழுங்கையின் நடுவில் இன்னொரு டிரான்ஸ்போமர். அதுவரை விடியப்புறம் இறையுங்கள். ஸ்டெபிலைசர் வாங்கும் யோசனை இருந்தால் ஒன்று: அது லைனில் இருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும், பக்கத்து வீட்டு வோல்ற் இன்னும் இறங்கும்.

கேள்வி: காற்றுக்குப் பிறகு சில வீட்டில் கரண்ட் இருக்கிறது, சில வீட்டில் பல்ப் அரைகுறையாக எரிகிறது. ஏன்?
(மாங்குளம் வாசகி)

பதில்: பெரும்பாலும் டிரான்ஸ்போமருக்கு மேலே உள்ள மூன்று பியூஸில் ஒன்று போயிருக்கும். படார் என்று சத்தம் கேட்டிருக்கலாம், பியூஸ் குழல் தலைகீழாகத் தொங்கும். அப்போது ஒரு பேஸில் முழு வோல்ற், மற்ற இரண்டிலும் பாதி, ஏறக்குறைய 115. குளிர்சாதனப்பெட்டியை உடனே கழற்றிவிடுங்கள். கீழ்ப்பக்க (400 வோல்ற்) பியூஸ் ஒன்று போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு வீடுகள் முழுதாக இருண்டுவிடும். சில வீட்டில் மங்கி, சில வீட்டில் பல்ப் வெடித்தால் நியூற்றல் (கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி) அறுந்திருக்கிறது. இதுதான் மூன்றிலும் மோசம்: சில வீடுகளில் 300 வோல்றுக்கு மேலும் ஏறலாம். மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு அறிவியுங்கள்.

கேள்வி: 33,000 வோல்ற் லைனில் பனையோலை விழுந்தால் காய்ந்த கம்பால் தட்டிவிடலாமா?
(புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: கூடாது. அந்த வோல்றுக்குக் காய்ந்த கம்பும் காப்பு இல்லை. லைன் செத்துவிட்டதுபோல் தெரிந்தாலும், உப மின்நிலையத்துச் சுவிச் சில செக்கனில் தானாகவே கரண்டைத் திரும்பப் போடக்கூடும். கம்பி நிலத்தில் கிடந்தால் பத்து மீற்றருக்குள் யாரையும் விடாதீர்கள். கிட்ட மாட்டிக்கொண்டவர் இரு பாதங்களையும் ஒட்டிவைத்து, தூக்காமல் அரக்கி அரக்கி விலகவேண்டும்.