ரிவர்ஸ் போட்டால் 'டம்' என்று இடிக்கிறதா?

கேள்வி: சார், என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் செடான். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வர்ட்டர் வகை, 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக, பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர்-க்குத் (ரிவர்ஸ்) தள்ளினால் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி ஒரு இடி. டி-க்குப் (டிரைவ்) போட்டாலும் இடிக்கிறது, கொஞ்சம் குறைவாக. ஓடும்போது கியர் மாறுவதில் ஒரு குறையும் இல்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். பேட்டரி மாற்றிய பிறகுதான் இது ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். வீடு சரிவில் இருக்கிறது. இன்னொன்று, இன்ஜின் சூடான பிறகும் ஆர்பிஎம் முள் 1,100-ல் நிற்கிறது.
— ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இப்போதைக்கு கியர்பாக்ஸில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு 1,100 எழுதினீர்களே, அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டர். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது அதற்குள் இருக்கும் டர்பைன் என்ற சக்கரம், கிட்டத்தட்ட இன்ஜின் வேகத்திலேயே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆர் அல்லது டி போட்டதும், உள்ளே ஒரு கிளட்ச் பிடித்து அந்தச் சுழற்சியை ஒரு விநாடிக்குள் நிறுத்தியாக வேண்டும். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். சூடான பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 650–800-ல் நிற்கும்; 700 இருக்க வேண்டிய இடத்தில் 1,100 என்றால் கிளட்ச் விழுங்க வேண்டியது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இடிக்காமல் என்ன செய்யும்? ரிவர்ஸில் அதிகம் இடிப்பதும் புதிரில்லை, பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு ஆயில் அழுத்தத்தைக் கூட்டித்தான் கொடுப்பார்கள்.

பேட்டரி மீதான உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். பேட்டரியைக் கழற்றினால், த்ராட்டிலை (இன்ஜினுக்குக் காற்று போகும் வால்வு) எவ்வளவு மூடினால் ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) சரியாக நிற்கும் என்று கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்தது சில வண்டிகளில் அழிந்துவிடும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் கொடுக்கச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் அதை மறுபடி கற்றுக்கொள்ளும். அப்படியும் முள் இறங்கவில்லையா, வேக்யூம் ஹோஸ் எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு விஷயம், கோத்தகிரிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம் நல்ல வண்டியிலும் முள் மேலேதான் நிற்கும். அது இறங்கிய பிறகு கியர் போடுங்கள்.

அடுத்து மவுண்ட், அதாவது இன்ஜினைத் தாங்கி நிற்கும் ரப்பர் பிடிமானம். என் பழைய வண்டிக்கு இதே நோய் வந்தபோது ஆயில் மாற்றினேன், சாலினாய்ட் (மின்சாரத்தில் இயங்கும் ஆயில் வால்வு) மாற்றினேன், எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்து தொங்கியது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஃபுட் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு ஆருக்கும் டிக்கும் மாறி மாறிப் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று (வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது) இன்ஜினைப் பார்க்கட்டும். லேசாக அசைவது சகஜம், துள்ளி எழுந்து விழுந்தால் மவுண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

சரிவு தனிக்கதை. வெறும் பி போட்டு விட்டால் வண்டியின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும், காலையில் அது விடுபடும்போது 'கடக்' என்று அடிக்கும். நிறுத்தும்போது முதலில் நியூட்ரல், அப்புறம் ஹேண்ட் பிரேக், ஃபுட் பிரேக்கை மெதுவாக விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்ததும் மறுபடி மிதித்து பி போடுங்கள். இதிலேயே பாதி சத்தம் போய்விட்டால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆயிலையும் பார்த்துவிடுங்கள். அளவு குறைந்தால் கியர் போட்டு இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காமல், பிறகு பிடித்து இடிக்கும். கருப்பாக, தீய்ந்த வாசனையோடு இருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், அப்போது மெக்கானிக் சொன்னதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு. நன்றாக இருந்தாலும் 92,000-க்கு மாற்றலாம். ஒரு தடவை வடித்தால் பாதிதான் வரும், மீதி கன்வர்ட்டரில் தங்கிவிடும், அதனால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை. வண்டியின் கையேட்டில் என்ன ஸ்பெக் இருக்கிறதோ அதுதான். "சிவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சாலினாய்டின் மின்இணைப்பு போயிருந்தால் ஆயில் அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும், ஓடும்போதும் ஒவ்வொரு கியருக்கும் அடிக்கும், அல்லது ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள், மலிவான கருவிகளில் பல இன்ஜினை மட்டும்தான் படிக்கும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: என் ஏஎம்டி காரும் முதல் கியரில் கிளம்பும்போது உதைக்கிறது. இதே வைத்தியம்தானா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லைங்க. ஏஎம்டி-யில் டார்க் கன்வர்ட்டரே கிடையாது. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர் மிதிக்கிறது. கிளட்ச் தேயத் தேய அது பிடிக்கும் இடம் நகரும், கம்ப்யூட்டருக்கு அதைத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும், சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்துச் செய்வார்கள். செய்த பிறகும் உதைத்தால் கிளட்ச் பிளேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மவுண்ட் கிழிந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.