வாஷிங் மெஷின் கிறீச்சிட்டால் கியர்பாக்ஸை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஆறு வருடம் பழைய செமி ஆட்டோமேடிக் வாஷிங் மெஷின். கொஞ்ச நாளாகத் துவைக்கும் பக்கம் ஓடும்போது கிறீச் கிறீச் என்று கத்துகிறது. பெட்ஷீட் போட்டால் தெருவுக்கே கேட்கிறது. வந்த மெக்கானிக் பின்பக்க மூடியைக் கழற்றாமலே, "கியர்பாக்ஸ் போச்சு, 4,000 ரூபாய் ஆகும்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பெல்ட்டில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் வேண்டாம். முக்கியமாக, எண்ணெய் வேண்டவே வேண்டாம். மோட்டார் சுற்றுவதைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது பெல்ட்தான். அது இரண்டு பக்கமும் உள்ள புல்லியை (பள்ளம் வைத்த சக்கரத்தை) பிடித்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும். எண்ணெய் பட்டால் இன்னும் வழுக்கும், ரப்பரும் ஊறிக் கெட்டுப்போகும்.

துணி கூடினால் சத்தமும் கூடுகிறது என்கிறீர்களே, அதுவே பெரிய துப்பு. செமி ஆட்டோமேடிக்கில் மோட்டார் சில நொடிக்கு ஒருமுறை நின்று, திசை மாறிச் சுற்றும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிறீச்சிட்டு, லேசாக ரப்பர் கருகிய வாடையும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். துணியே இல்லாமல் ஓட்டினாலும் கரகரவென்று விடாமல் அரைக்கிறதா? அப்போது பேரிங்கையோ கியர்பாக்ஸையோ சந்தேகப்படலாம். துணி பிழியும் பக்கத்தில் மட்டும் சத்தம் வந்தால் பெல்ட்டுக்குச் சம்பந்தமில்லை. அதற்குத் தனி மோட்டார், அது நேரடியாகச் சுற்றுகிறது.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது) பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் (மோட்டாருக்குப் போகும் ஒயரில் கோர்த்த சிறு டப்பா போன்ற பாகம்) கை வைக்காதீர்கள், கரன்ட் தங்கியிருக்கும். பெல்ட்டின் பக்கவாட்டைக் கவனியுங்கள். நல்ல பெல்ட் மங்கலாக இருக்கும். வழுக்கிய பெல்ட் தேய்ந்த டயர் மாதிரி வழுவழுவென்று மின்னும். அடியில் கறுப்புத் தூள் கொட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். எலி கடித்த தடமும் இருக்கலாம், நம் ஊரில் அது சாதாரணம். பெல்ட்டைக் கழற்றி, பெரிய புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரப்பு இல்லாமல் சுற்றினால் கியர்பாக்ஸ் மேல் பழி போட இப்போதைக்குக் காரணம் இல்லை.

பெல்ட் நன்றாக இருந்தும் தொளதொளவென்று கிடந்தால், மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி இறுக்கினால் போதும். இரண்டு புல்லிக்கும் நடுவில் விரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் முறுக்காதீர்கள், சத்தம் நின்றாலும் பேரிங் சீக்கிரம் போய்விடும். மின்னுகிற, வெடித்த பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். பவுடர், சோப்பு தடவுவதெல்லாம் ஓரிரு துவையலுக்குத்தான் தாங்கும். பழைய பெல்ட்டையே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எடுத்துப் போங்கள். அதன் முதுகில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அதே அளவு கொடுப்பார்கள். சில நூறு ரூபாயில் முடியும் வேலை.

புது பெல்ட் போடும் முன் தொட்டிக்கு அடியில் துரு வடிந்த கோடோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சீல் (தொட்டித் தண்ணீர் கீழே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒழுகுகிறது. சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் தண்ணீர் பட்டு அதுவும் கத்தும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கியர்பாக்ஸ்தான் என்று ஆனால், மூடியைத் திறந்து, கழற்றி, உங்கள் கண்முன் சுற்றிக் காட்டுகிறவரிடம் வேலையைக் கொடுங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு 10 வருட வாரன்டி என்று அட்டையில் போட்டிருந்தாலும் பெல்ட், கியர்பாக்ஸ் பெரும்பாலும் அதில் சேராது, அட்டையைப் படித்துவிட்டுப் பேசுங்கள். பில் அவசியம். செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.