சுக்கானியின் ஆங்கிலம்

அன்புள்ள ஐயா,

மொழிபெயர்ப்பு இயந்திரம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. இனியும் ஆங்கிலம் உலகமொழியாக நீடிக்குமா? எனக்கு நாற்பது வயது. கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேச எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கூசிப்போகிறேன். பத்து வருடத்தில் தேவைப்படாது என்றால் இப்போதே விட்டுவிடலாமே?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

எனக்கு ஜோசியம் வராது. ரோமாபுரி விழுந்து 1200 வருடம் கழித்தும், 1687-இல், நியூட்டன் பிரின்சிபியாவை லத்தீனில்தான் வெளியிட்டார். 2020-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனது. ஆங்கிலம் போகவில்லை, அங்கே இன்னும் அலுவல் மொழிதான். இயந்திரத்தைப் பற்றி இயந்திரத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைச் சீண்டியது அந்தக் கூச்சம். யாரைப் பார்த்து ஐயா கூசுகிறீர்கள்?

என் தாய்மாமா சரக்குக் கப்பலில் சுக்கானி, கப்பலைத் திருப்பும் சக்கரத்தைப் பிடிப்பவர். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இரண்டு தடவை கோட்டைவிட்டவர். கேப்டன் கிரேக்கர், சமையல்காரர் பிலிப்பைன்ஸ். 'ஸ்டியர் ஒன் எய்ட் டூ' என்று கேப்டன் சொன்னால் மாமா அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சுக்கானைத் திருப்புவார். திசைகாட்டி முள் 182 டிகிரியில் நின்றதும் 'ஸ்டெடி ஆன் ஒன் எய்ட் டூ'. திசையை ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும், சேர்த்துச் சொன்னால் காது ஏமாற்றிவிடும்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் இதற்கென்றே ஒரு வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதில் 'மே', 'ஷுட்' போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அனுமதி கேட்கிறானா, வந்தாலும் வருவேன் என்கிறானா, குழப்பம். அதனால் 'மே ஐ' கிடையாது. முதலில் 'கொஸ்டின்' என்று அறிவித்துவிட்டு, 'டூ ஐ ஹேவ் பர்மிஷன்' என்று நேராகக் கேட்க வேண்டும். வகுப்பு வாசலில் நின்று 'மே ஐ கம் இன்' சொல்லியே வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சிதான்! ஆனால் லண்டனில் பிறந்த மாலுமியும் ரேடியோவில் தன் வீட்டு ஆங்கிலத்தைச் சுருட்டி வைத்துவிட்டு இதைத்தான் பேசியாக வேண்டும். அவன்தான் அதிகம் தடுமாறுவான் என்பார் மாமா, கொஞ்சம் பெருமையாகவே.

உலகத்தில் ஓடிக்கொண்டிருப்பது இந்த ஆங்கிலம், செல்வம். நீங்கள் பயப்படுவதோ உங்கள் பழைய ஆங்கில வாத்தியாருக்கு. அவர் உங்கள் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. எழுந்து பேசுங்கள்.

மாமா ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டார். பழக்கம் மட்டும் விடவில்லை. அத்தை "ரெண்டு கிலோ பச்சரிசி" என்றால், வாசலில் நின்று "ரெண்டு கிலோ பச்சரிசி" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அத்தைக்குப் பற்றிக்கொண்டு வரும்.