குறுக்கா, நெடுக்கா? வெப்பமின் பொருள்கள்: கேள்வி-பதில்

கேள்வி: வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் தரும் வெப்பமின் பொருளான என்-வகை (எலெக்ட்ரான்கள் மின்னோட்டத்தைச் சுமக்கும்) பிஸ்மத் டெல்லுரைடு பொடியை 12.7 மி.மீ. அச்சில் சூடாக அழுத்தி, 2 மி.மீ. தடிமனில் வில்லை செய்தேன். மின் கடத்துதிறனை வில்லையின் முகத்தில் நான்முனை முறையிலும், வெப்பக் கடத்துதிறனை லேசர் ஃபிளாஷ் கருவியிலும் அளந்தேன். தகுதியெண் (மின் கடத்துதிறன் கூடினால் ஏறும், வெப்பக் கடத்துதிறன் கூடினால் இறங்கும் தர அளவு) 1.4 வருகிறது. வழிகாட்டி நம்ப மறுக்கிறார். எங்கே தவறு?

பதில்: அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் அளந்த இரண்டு எண்களும் தனித்தனியே சரியாக இருக்கலாம். ஆனால் அவை வெவ்வேறு திசைகளுக்கு உரியவை. நான்முனை முறை, முகத்தை ஒட்டிப் பாயும் மின்னோட்டத்தைப் பார்க்கிறது. லேசர் ஃபிளாஷ், அடியில் விழுந்த வெப்பம் தடிமனைக் கடந்து மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது.

பிஸ்மத் டெல்லுரைடு சீட்டுக்கட்டு மாதிரி. டெல்லூரியம், பிஸ்மத், டெல்லூரியம், பிஸ்மத், டெல்லூரியம் என ஐந்து அணுத்தளங்கள் இறுகப் பிணைந்து ஒரு சீட்டு. தடிமன் ஏறக்குறைய 1 நா.மீ. சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய வாண்டர் வால்ஸ் ஈர்ப்புதான். அதனால் பொடித்தால் துகள்கள் தட்டையாக உடைகின்றன, அழுத்தினால் படுத்துக்கொள்கின்றன. முகத்தோடு போகும் மின்சாரத்துக்கு நல்ல பாதை, குறுக்கே போகும் வெப்பத்துக்குக் கரடுமுரடான பாதை. இரண்டிலும் லாபமான பக்கத்தை எடுத்துக்கொண்டீர்கள். வெப்பக் கடத்துதிறன் முகத்தின் திசையில் 1.4, குறுக்கே 1.0 வாட்/மீ.கெ. என்று வைத்துக்கொண்டால், இந்த ஒரு கலப்பே 1.0 என்ற தகுதியெண்ணை 1.4 ஆக்கிவிடும். தகுதியெண்ணில் சேரும் இன்னொன்றான சீபெக் கெழு (ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கு எழும் மின்னழுத்தம்) திசைக்குத் திசை அதிகம் மாறாது. ஆகவே தவறை அது காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

மெல்லிய வில்லைக்குப் பதில் உயரமான உருளையாக அழுத்துங்கள். அதே அச்சில் 13 மி.மீ. உயரத்துக்குச் சுமார் 13 கிராம் பொடி பிடிக்கும். அச்சிலிருந்து எடுத்ததும், அறுப்பதற்கு முன்பே, அழுத்திய திசையை அம்புக்குறியால் கீறிவிடுங்கள். அறுத்த பிறகு எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. வைரக் கம்பி அறுவையால் உருளையைச் செங்குத்தாக வெட்டி, 10 மி.மீ. சதுரமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட தகடு ஒன்றை எடுங்கள். அதன் தடிமன் அழுத்திய திசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். லேசர் ஃபிளாஷுக்கு அது. அதே திசையில் நீளம் அமையும்படி 3 × 3 × 10 மி.மீ. சட்டம் ஒன்று மின் கடத்துதிறனுக்கும் சீபெக்குக்கும். இரண்டையும் ஒரே உருளையின் நடுப்பகுதியிலிருந்து எடுப்பது நல்லது. உயரமான உருளையில் மேலும் கீழும் அடர்த்தி ஒன்றாக இருக்காது.

கேள்வி: துகள்கள் எவ்வளவு படுத்திருக்கின்றன என்று எக்ஸ்-கதிர் சோதனையில் தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் கெட்டித் துண்டையே வையுங்கள். அரைத்துப் பொடியாக்கிவிட்டால் பார்க்க வேண்டியதே அழிந்துபோகும். தாமிரக் கதிரில், திசையின்றிக் கலந்த பொடிக்கு 27.7 பாகை அருகே உள்ள (0 1 5) முகடுதான் உயரமானது. அடைப்பிலுள்ள எண்கள் படிகத் தளத்தின் பெயர்; (0 0 எல்) என்று வருபவை சீட்டுக்கு இணையான தளங்கள். அழுத்திய முகத்தில் 17.5 பாகையில் (0 0 6), 44.6 பாகையில் (0 0 15) ஆகியவை எழும்பினால் துகள்கள் படுத்திருக்கின்றன. பக்கவாட்டு முகத்தில் 41 பாகை அருகே (1 1 0) எழும்ப வேண்டும். எண்ணாகச் சொல்ல லாட்கெரிங் காரணி உண்டு: (0 0 எல்) முகடுகளின் செறிவு மொத்தத்தில் எத்தனை பங்கு என்று கண்டு, அதிலிருந்து கலந்த பொடிக்குரிய பங்கைக் கழித்து, ஒன்றிலிருந்து அதே பங்கைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். 0 என்றால் கலவை, 1 என்றால் முழு ஒழுங்கு. பொடிக்குரிய பங்கை உங்கள் பொடியில் அளக்காதீர்கள். கண்ணாடிச் சில்லால் அழுத்தி நிரப்பும்போதே தட்டைத் துகள்கள் படுத்துவிடும். வெளியிடப்பட்ட எக்ஸ்-கதிர் தரவு அட்டையிலிருந்து எடுங்கள்.

கேள்வி: பி-வகையில் (எலெக்ட்ரான் இல்லாத துளைகள் மின்னோட்டத்தைச் சுமப்பது) யாரும் திசையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதில்லையே, ஏன்?

பதில்: கணக்கு அங்கே சமன்பட்டுவிடுகிறது. ஒற்றைப் படிகத்தில் சீட்டின் வழியே வெப்பக் கடத்துதிறன், குறுக்கே உள்ளதைப் போல ஏறக்குறைய 2 மடங்கு. பி-வகையில் மின் கடத்துதிறனும் 2 முதல் 3 மடங்குதான். வகுத்தால் பெரிய வித்தியாசம் மிஞ்சாது. என்-வகையில் மின் கடத்துதிறன் 4 மடங்குக்கும் மேல் வேறுபடுவதால், குறுக்குத் திசையில் தகுதியெண் பாதியாகிவிடும்.

அதனால்தான் முக்கியமாக என்-வகைக்குச் சூட்டு உருமாற்றம் செய்கிறார்கள்: அழுத்திய வில்லையை இன்னும் அகலமான அச்சில் வைத்து, பக்கவாட்டில் பரவும்படி மறுபடி அழுத்துவது. இதில் ஒரு கண்ணி உண்டு. அரைப்பதும் உருமாற்றுவதும் என்-வகையில் எலெக்ட்ரான்களைக் கூட்டும் குறைகளை உண்டாக்கும். கடத்துதிறன் ஏறியதைப் பார்த்து 'துகள்கள் நன்றாகப் படுத்துவிட்டன' என்று எழுதிவிடுவார்கள். எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஹால் அளவீடு இல்லாமல் அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: மண்டல உருக்கு முறையில் (பகுதி பகுதியாக உருக்கி உறையவைத்து) வளர்த்த கட்டியிலிருந்து பெல்டியர் கால்கள் (மின்சாரத்தால் குளிரூட்டும் கருவிக்கான சிறு தூண்கள்) அறுக்கும்போது பாதி உடைந்துபோகிறது.

பதில்: அந்தக் கட்டியில் சீட்டுகள் வளர்ந்த திசைக்கு இணையாக நிற்கும். கட்டியைக் குறுக்கே சீவி, அந்தச் சீவலைக் கால்களாக வெட்டினால் மின்னோட்டம் சீட்டின் வழியே போகும், அது சரி. ஆனால் அறுவையின் பக்கவாட்டுத் தள்ளல் சீட்டுகளைப் பிரித்துவிடும். மெழுகில் முழுதாகப் பதித்து, கம்பி அறுவையை மெதுவாக ஓட்டினால் சேதம் குறையும். அழுத்திய பொடி வலுவானது. ஆனால் அதில் கால்களின் உயரம் அழுத்திய திசைக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். வில்லையை அப்படியே சீவினால் அதன் மோசமான திசைதான் கையில் வரும்.

கேள்வி: அடுக்குப் படிகம் எதுவானாலும் அடுக்கின் வழியேதான் சிறந்த திசையா?

பதில்: இல்லை. வெள்ளீய செலினைடை எடுங்கள். 2014-இல் வெளியான பி-வகை ஒற்றைப் படிக அளவீட்டில், 923 கெல்வினில் தகுதியெண் அடுக்கின் தளத்துக்குள் இரு திசைகளில் 2.6, 2.3, குறுக்கே 0.8தான். 2018-இல் புரோமின் சேர்த்த என்-வகையில் கதை தலைகீழ்: 773 கெல்வினில் சுமார் 2.8, அதுவும் குறுக்குத் திசையில். அங்கே பக்கத்து அடுக்குகளின் எலெக்ட்ரான் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மின்சாரம் தாண்டிவிடுகிறது. வெப்ப அதிர்வுகளுக்கு மட்டும் தடை அப்படியே நிற்கிறது.

கேள்வி: ஈய டெல்லுரைடுக்கும் இரு திசையிலும் அளக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது கனசதுரப் படிகம். கடத்துதிறன்கள் எல்லாத் திசையிலும் ஒன்றே. அழுத்திய துண்டில் இரு திசைகளுக்கும் வித்தியாசம் வந்தால் விரிசலையோ நுண்துளையையோ தேடுங்கள்.