நாட்டுப்புறவியல் புராஜெக்ட்டுக்குப் பாட்டு கிடைக்கிற கிராமம் எது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: எம்.ஏ. தமிழ் படிக்கிறீர்கள். 'உங்கள் வட்டார மக்களின் வழக்காறுகளைத் திரட்டுக' என்று புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள்; பாட்டு, பழமொழி, விடுகதை, நம்பிக்கை என்று மக்களிடம் புழங்குவதெல்லாம் வழக்காறு. நீங்கள் இருப்பது டவுன், அங்கே நாட்டுப்புறம் என்று எதுவும் இல்லை, அதனால் பாட்டு கிடைக்கிற கிராமமாக ஒன்று சொல்ல வேண்டும்.

சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். 2009-ல் இதே கேள்வியை நானும் கேட்டேன். சீனியர் அக்கா ஒருவர் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். போய்விட்டு வந்தேன்.

திருநெல்வேலியிலிருந்து இரண்டு பஸ் மாறி மூன்று பேர் போனோம். தாலாட்டும் ஒப்பாரியும் நன்றாகச் சொல்வார் என்று ஓர் ஆச்சியைக் காட்டினார்கள். நாங்கள் நோட்டை எடுத்ததுமே ஆச்சி வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாலாட்டா, ஒப்பாரியா? எத்தன வேணும்?" ஒரு வரி சொல்வார், நிறுத்துவார். "எழுதிட்டியளா? அடுத்தது சொல்லட்டா?" எங்களுக்கு முன்னால் எத்தனை பேட்ச் வந்து போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. மடியில் பிள்ளையும் இல்லை, எதிரில் பிணமும் இல்லை, பாட்டு மட்டும் டிக்டேஷன் மாதிரி வந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது, "போன வருசம் வந்த பிள்ளையளும் போட்டோ அனுப்புதோம்னுதான் சொல்லிச்சு" என்றார். நாங்களும் போட்டோ எடுத்தோம். நாங்களும் அனுப்பவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் திண்ணையில் அம்மாவும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் மடியில் சுளகை (முறத்தை) வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. "எங்கட்டி போயிட்டு வார?" என்று கேட்டார்கள். "நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்க" என்றேன். "ஏன், இங்க உள்ள புறம் பத்தலையாக்கும்?" என்றாள் மதினி ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. பள்ளியில் அந்தப் படிவத்தில் மட்டும் 'தாயார் தொழில்: பீடி சுற்றுதல்' என்று எழுதுவேன். மற்ற எல்லாப் படிவத்திலும் இல்லத்தரசி. கல்லூரியில் என் பெஞ்சில் இருந்தவர்களுக்குக்கூட அம்மா பீடி சுற்றுவது தெரியாது. புகையிலை வாசம் துணியில் இருக்குமோ என்று யூனிஃபார்ம் இல்லாத நாட்களில் இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அதனால்தான் உங்கள் கேள்வியில் 'எங்கள் ஊரில் எதுவும் இல்லை' என்ற வரியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. உங்களுக்கு அப்படிக் காரணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்: நிஜமாகவே இல்லையா, இல்லை, இருப்பதைக் காட்ட மனசு வரவில்லையா?

அடுத்த வாரம் வகுப்பில் ஆலன் டண்டிஸ் பற்றி நடத்தினார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காறு சொல்லிக்கொடுத்தவர், 2005-ல் இறந்தார். 'ஃபோக்' என்றால் படிக்காத கிராமத்து ஆள் என்ற எண்ணத்தைத் தூக்கிப் போட்டவர்களில் முக்கியமானவர். ஏதாவது ஒரு விஷயம் பொதுவாக இருந்தால் போதும், அது ஒரு குழு; தொழில், மொழி, மதம், எதுவாகவும் இருக்கலாம்; அந்தக் குழுவுக்கென்று சில வழக்காறுகள் இருக்கும் என்றார். தன் மாணவர்களையே திரட்டச் சொன்னார். வீட்டில் கேட்ட பழமொழி, ஹாஸ்டல் ஜோக், பாட்டி வைத்தியம் என்று ஒவ்வொன்றையும் யார் சொன்னார், எப்போது, எந்தச் சூழலில், அதற்கு அவரே என்ன அர்த்தம் சொல்கிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த காப்பகத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேலான உருப்படிகள் இருக்கின்றன. பழைய மாணவர் ஒருவர் 2000-த்தில் அவருக்குப் பத்து லட்சம் டாலருக்குச் செக் அனுப்பினாராம். நான் பைண்டிங்குக்கே சித்தியிடம் கடன் வாங்கியவள். சரி, அது வேறு கதை.

நம் பக்கமும் இது புதிதில்லை. பாளையங்கோட்டையில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த ஆய்வாளர் நா. வானமாமலை பள்ளி ஆசிரியர்களையும் இளைஞர்களையும் பிடித்து அவரவர் ஊர்ப் பாட்டையே திரட்ட வைத்தார். அதே ஊரில் தூய சவேரியார் கல்லூரியில் இதற்குத் தனித் துறையே நடத்தினார்கள். அவர்கள் நாட்டுப்புறவியல் என்று சொல்ல மாட்டார்கள், 'நாட்டார் வழக்காற்றியல்'தான். சொல்லுக்காக இவ்வளவு சண்டையா என்று அப்போது நினைத்தேன். இப்போது பார்த்தால், அந்தப் 'புறம்' என்ற சொல்தான் உங்களையும் என்னையும் ஊருக்கு வெளியே பஸ் ஏற்றிவிடுகிறது.

ஆக, திண்ணை. முதல் நாள் செல்போனில் ரெக்கார்டைப் போட்டுச் சுளகுக்கு நடுவில் வைத்தேன். எல்லாரும் ஊமையாகிவிட்டார்கள். "பாட்டு ஏதாவது சொல்லுங்க" என்றதும் ஒருத்தி சினிமாப் பாட்டைப் பாடினாள், மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இரண்டாம் நாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் சித்தி, "அந்தப் பெட்டிய அமத்திட்டு ஒரு சுளக எடுத்துட்டு உக்காருட்டி" என்றாள்.

உட்கார்ந்தேன். ராத்திரி நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். தூளைப் பரப்பி, விரலால் உருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்க வேண்டும். சின்ன வயதில் நுனி மடக்கிக் கொடுத்திருக்கிறேன். சுற்றத்தான் வராது. நான் சுற்றியது நடுவில் பிதுங்கிப் பிள்ளைத்தாச்சி மாதிரி இருந்தது. அதை எடுத்துத் தூக்கிக் காட்டி, "இது எம்.ஏ. பீடில்லா" என்றாள் மதினி. அதற்கப்புறம் யாருடைய பீடி கோணலாக வந்தாலும், இலை கொடுத்துப் பீடி வாங்குகிற கடையில் கணக்கப்பிள்ளை கழித்துப் போட்டாலும், அது எம்.ஏ. பீடிதான். ஒரு வழக்கு என் கண் முன்னால் பிறந்தது. பிறப்பித்ததும் நான்தான்.

கை வேலை செய்ய ஆரம்பித்ததும் வாய்கள் தாமாகத் திறந்துகொண்டன. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். அதுதான் அவர்களுக்கு ஒரு நாள். வேகத்தை வைத்துப் பட்டப்பெயர் உண்டு. கட்டைக் கையில் எடுத்து நூல் முடிச்சைப் பார்த்தே இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள். கடையில் கொடுக்கிற இலை ஆயிரத்துக்குப் பத்தாது, அதனால் ஒருத்திக்கொருத்தி இலைக்கடன் உண்டு. பிடிக்கணக்கு, எழுத்துக் கிடையாது. ஒருத்தி ஏமாற்றினாள் என்று கேள்விப்பட்டதில்லை. விளக்கு வைத்த பிறகு ஊசி, உப்பு கொடுக்கக் கூடாது என்பார்களே, இங்கே அந்தப் பட்டியலில் நூலும் சேர்ந்திருந்தது. வெறுங்கத்தரியை வெட்டினால் வீட்டில் சண்டை வரும் என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் நாளெல்லாம் கத்தரி பிடிப்பவர்கள் அதைச் சொல்லும்போது கத்தரியை மூடி வைக்கிற விதமே வேறு. ஒரு காலத்தில் பெண் பார்க்க வருபவர்கள், "பிள்ள ஒரு நாளைக்கு எம்புட்டு சுத்தும்?" என்றுதான் கேட்பார்களாம். அம்மாவையும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். "எண்ணூறுன்னு பொய் சொன்னேன்" என்றாள். எனக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் ஒரு விடுகதை. "காட்டுல பொறந்தான், வீட்டுல குளிச்சான், சுளகுல படுத்தான், கடையில நின்னான், வாயில செத்தான்." யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பெயரைக் காட்டினார்கள்.

பீடியைப் புகழ்கிறேன் என்று யாராவது கமென்ட்டுக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இல்லை. அது உடம்பைத் தின்கிற பொருள், புகைப்பவருக்கும் சுற்றுபவருக்கும். அம்மாவுக்கு அந்த இருமல் இன்னும் விடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சுற்றினாள். பாஸ் புத்தகத்தில் அவள் பெயருக்குப் பின்னால் 'அம்மாள்' இருக்கிறது, ஆதாரில் இல்லை. அந்த ஒரு 'அம்மாளு'க்காகப் பி.எஃப். பென்ஷன் வராமல் நானும் அவளும் எத்தனை நாள் ஓர் அலுவலக வாசலில் நின்றிருக்கிறோம் தெரியுமா? அந்த எழுத்தைப் பதிந்தது அவர்கள், திருத்த வேண்டியது நாங்கள். இத்தனைக்கும் கேட்பது என்ன, 2014-ல் குறைந்தபட்சம் என்று நிர்ணயித்த மாதம் 1000 ரூபாய். 'பெயரில் ஒத்திசைவு இல்லை' என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "என்ன போட்டுருக்கு?" என்று கேட்டாள். "நீ நீ இல்லையாம்" என்றேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புராஜெக்ட்டுக்கு வருகிறேன். அந்தத் திண்ணைக்குக் கீழத்தெருவிலிருந்தும் ஓர் அக்கா வருவாள். எங்கள் சாதி இல்லை. இலைக்கடன் அவளுக்கும் உண்டு, கொடுப்பாள், வாங்குவாள். கையும் வாயும் எல்லாரையும்விட வேகம். அந்த விடுகதையைக்கூட முதலில் அவள்தான் சொன்னாள். நாலு மணிக்கு அம்மா காப்பி கொண்டுவருவாள். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், அவளுக்கு மட்டும் பேப்பர் கப். ஒரு நாள் அவள் அந்தக் கப்பைத் தூக்கிப் பிடித்து, "எனக்கு மட்டும் நெதமும் கல்யாண வீடுதான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அம்மா மட்டும் டம்ளர்களை எண்ணுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

அன்று ராத்திரியே எழுதிவிட்டேன். டண்டிஸ் சொன்ன முறையில்: சொன்னவர், நேரம், யார் யார் இருந்தார்கள், யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை. இப்போது யோசித்தாலும் அந்த முழு புராஜெக்ட்டில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான். யார் நாங்கள், யார் இல்லை, எது வரைக்கும் நாங்கள் என்பதை இலைக்கடன் ஒரு மாதிரி சொல்கிறது, கப் வேறு மாதிரி சொல்கிறது. இரண்டும் ஒரே திண்ணையில்.

புராஜெக்ட் கைடு வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். "சாதியெல்லாம் எதுக்கும்மா? பண்பாடு மட்டும் போதும்." எம்.ஏ. பீடியையும் அடித்தார், மூன்று தலைமுறையாவது புழங்கினால்தான் வழக்காறாம். அதற்குப் பதிலாக, பஸ் மாறிப் போய் வாங்கி வந்த ஆச்சியின் இரண்டு தாலாட்டைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நல்ல மார்க் வந்தது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, என் ஃபீஸுக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டவர். ஆனால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டுக் கப் ஆயிற்றே. கோடு போட்டபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அதனால் நீங்கள் எந்தக் கிராமத்துக்கும் போக வேண்டாம். உங்கள் டவுனில் ஆட்டோ ஸ்டாண்டு இருக்கும், பூ கட்டுபவர்கள் இருப்பார்கள், துணிக்கடைப் பெண்கள் ஏறுகிற கடைசி பஸ் இருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் ஹாஸ்டலே இருக்கிறது. செய்கிற வேலையில் ஒரு கை கொடுங்கள். ரெக்கார்டு பண்ணினால் கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். போனை அணைத்த பிறகு சொல்வதுதான் சரக்கு, அதை அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள், மறுநாள் ஆனால் உங்கள் தமிழில்தான் வரும். பெயர் போடலாமா என்று ஆளாளுக்குக் கேளுங்கள். பட்டப்பெயரை அச்சில் பார்த்துவிட்டு ஒரு சித்தி என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

பைண்டிங் பண்ணியதைத் திண்ணையில் வைத்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள். "அத நான் சொல்லல, அவதான் சொன்னா" என்று நடுநடுவே திருத்தம் வந்தது. விடுகதைக்கு எல்லாரும் சேர்ந்து விடை சொன்னார்கள். முடித்து மூடியதும் கீழத்தெரு அக்கா இலை வெட்டுவதை நிறுத்திவிட்டு, "நான் கல்யாண வீடுன்னு சொன்னேம்லா, அது எங்கட்டி இருக்கு?" என்றாள். இல்லை என்று தெரிந்தும் பக்கத்தைப் புரட்டினேன். பின்னாலிருந்து முன்னால் ஒரு தடவை, முன்னாலிருந்து பின்னால் ஒரு தடவை. "பக்கம் கூடிப்போச்சுன்னு எடுத்துட்டாங்கக்கா" என்றேன்.

"ஓ" என்றாள். கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நாலு மணி தாண்டியும் அம்மா காப்பி போடவில்லை.